அரைப் பிழை

என் தங்கையை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தது நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அம்மாகூட, "உனக்குத் தெரிஞ்ச எடத்துல ஏதாவது இருந்தா பாரேன்" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். படிவத்தில் 'பரிந்துரைப்பவர்' என்ற கட்டத்தில் என் பெயரை நானே நிரப்பி, 'உறவு' என்ற கட்டத்தில் 'உடன்பிறந்தவர்' என்று நானே எழுதி, என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியின் நிதிப் பிரிவில் நான் பதினோரு வருடமாக டேட்டா அனலிஸ்ட். சொல்லிக்கொள்ளப் பெரிதாக இருக்கும். வேலை என்னவோ இதுதான்: இருபத்திரண்டு கிளைகளிலிருந்து மாதாமாதம் எண்கள் வரும். அவற்றில் எது சரி, எது தப்பு, எது யாரோ தூக்கக் கலக்கத்தில் தட்டியது என்று பிரித்து, மேலே இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி படமாக்கித் தர வேண்டும். எந்தக் கிளை எத்தனை தப்பு செய்தது என்பதற்கும் கிளைக்கு ஒரு ஃபைல் உண்டு. பிழைப் பட்டியல் என்று பெயர். தேதி, கிளை, எண்ணிக்கை, யார் சொன்னது, குறிப்பு என்று ஐந்து தலைப்புகள். அந்த ஐந்தையும் யோசித்து வைத்தது நான்தான், ஆனால் அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள். சேர்ந்த முதல் நாளே பத்து மேஜைக்குக் கேட்கிற மாதிரி, "அக்கா, என் சார்ஜர் உன் பையிலயா இருக்கு?" என்று கத்தினாள். போச்சு. அந்த வாரத்துக்குள் தளம் முழுக்க எனக்கு அக்கா என்றே பெயராகிவிட்டது. இருபத்தைந்து வயதுக்காரர்கள் கூப்பிட்டால் சரி. ஐம்பத்திரண்டு வயது சீனியர் அக்கவுண்டன்டும் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "அக்கா, அந்த மூணாம் கிளை ஃபைல் கெடைக்குமா?" என்றார். இவருக்கு இரண்டு தசமம் இல்லாமல் மூச்சு வராது. அதனால் எல்லோரும் அவரைத் தசமம் என்போம். எங்கள் நிதித் தலைவர் அதற்கு நேர் எதிர். எந்த எண்ணைச் சொன்னாலும், "ரவுண்டு பண்ணிச் சொல்லுங்க" என்பார். முதுகுக்குப் பின்னால் அவர் ரவுண்டு சார்.

ரவுண்டு சார் ஒரு நாள் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு, டீமுக்கு ஒரு லீட் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது, வெளியிலிருந்து எடுக்கப்போவதில்லை என்றார். பிறகு என்னையும் தங்கையையும் பார்த்துச் சிரித்தார்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். அக்கா தங்கச்சிதானே, உங்களுக்குள்ள என்ன சண்டை வந்துடப்போகுது?"

தங்கையும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். அந்த லீட் வேலை எனக்கு வேண்டும். ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? பதினோரு வருடம் இல்லாமல் இருந்த ஒரு நாற்காலியை இப்போதுதான் போடுகிறார்கள், அதில் என் வீட்டுச் சின்னது வந்து உட்காருவதா?

அவள் கெட்டிக்காரி. அதுதான் பிரச்சினையே. மந்தமாக இருந்திருந்தால் எவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொடுத்திருப்பேன்! வந்த இரண்டாம் மாதம், நான் ஃபைல் ஃபைலாகத் திறந்து எண்களை ஒட்டிக்கொண்டிருப்பதை நின்று பார்த்துவிட்டு, "இத ஏன்க்கா கையால பண்ற?" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான்காம் மாதம் அதற்கு ஒரு ப்ரோக்ராம் எழுதிவிட்டாள். பழைய ஃபைல்களின் நகலில் ஓட்டிக் காட்டியபோது, நான் மூன்று நாள் செய்யும் வேலையை அது நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்திருந்தது. அன்றிலிருந்து நான் டீயை வேகமாகக் குடிக்கிறேன்.

"உன் தங்கச்சிதானே முன்னுக்கு வர்றா, உனக்கென்ன நஷ்டம்?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

எண் இல்லாத எதையும் நான் நம்புவதில்லை. எல்லோரும் அவளையே புகழ்கிறார்கள், என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றுவது வேறு, இருப்பது வேறு. எந்தக் கிளை மேனேஜராவது 'தோணுது' என்று ஆரம்பித்தால் ஆதாரம் எங்கே என்று குடைகிறவள் நான். எனக்கு மட்டும் சலுகை உண்டா? ஒரு திங்கட்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து, எண்ண ஆரம்பித்தேன்.

புதிதாக ஃபைல் செய்யச் சோம்பல். பிழைப் பட்டியலின் காலி ஃபைலையே நகல் எடுத்தேன். 'கிளை' என்ற தலைப்பின் கீழ் 'அவள்' அல்லது 'நான்'. 'யார் சொன்னது' என்பதன் கீழ் புகழ்ந்தவர். குறிப்பில் அவர் சொன்ன வார்த்தை, அட்சரம் பிசகாமல். வாய்விட்டுப் புகழ்ந்தால் ஒன்று, தலையாட்டினால் அரை, எல்லோருக்கும் நகல் வைத்து மெயில் அனுப்பினால் ஒன்றரை என்று விதியும் வகுத்தேன். எனக்குக் கிடைத்ததையும் நேர்மையாகப் போட்டேன். வாசல் செக்யூரிட்டி, "இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டீங்களே அக்கா" என்றது பாராட்டா கேலியா என்று அரை மணி நேரம் யோசித்துவிட்டுத்தான் சேர்த்தேன். கிளை ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே அதையும் சேமித்தேன். கை பழக்கத்தில் அங்கேதான் போயிற்று. இருபத்திரண்டோடு இருபத்து மூன்றாவதாக அது கிடந்தது. அந்த ஃபோல்டரைத் திறக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் எனக்கு ஒரு பயமும் இல்லை.

எண்ணினால் மனம் ஆறும் என்று நினைத்தேன். நேர்மாறாக ஆயிற்று. மீட்டிங்கில் யார் என்ன பேசினாலும் எனக்குக் கேட்கவில்லை. யார் தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை தன் ப்ரோக்ராம் எப்படி ஓடும் என்று போன காலாண்டின் நகலை வைத்து விளக்கியபோது, ரவுண்டு சார் மூன்று தடவை தலையாட்டினார். மேஜைக்கு அடியில் விரல் மடக்கினேன். ஒன்றரை.

"ஃபைல் பேரெல்லாம் குடுக்கவே வேணாம் சார். அந்த ஃபோல்டர்ல என்ன இருந்தாலும் எல்லாத்தையும் அதுவே எடுத்துக்கும்" என்று அவள் அப்போது சொல்லியிருக்கிறாள். என் காதில் விழவே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை, இந்த மாதத்து ஃபைல்களை வைத்து எல்லோர் முன்னாலும் நேரடியாக ஓட்டிக் காட்டுவது என்று முடிவாயிற்று. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே லீட் யாரென்று சொல்லிவிடுவதாக ரவுண்டு சார் சொன்னார். புதன்கிழமை மாலை தங்கை என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, ஃபோல்டர்ல எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துடறியா? உனக்குத்தான் கிளை ஃபைலெல்லாம் அத்துப்படி."

"பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றேன். நான் பார்க்கவில்லை. அவள் ஜெயிக்கப்போகிற விஷயத்துக்கு நான் எதற்கு விளக்குப் பிடிக்க வேண்டும்?

வியாழக்கிழமை பத்தரை மணி. மீட்டிங் அறையில் ஒரு சக்கரம் உடைந்த நாற்காலி ஒன்று உண்டு. கடைசியாக வருகிறவருக்கு அதுதான். அன்றைக்கு அது எனக்கு வாய்த்தது. தங்கை லேப்டாப்பைப் பெரிய திரையோடு இணைத்து, ஒரு பொத்தானைத் தட்டினாள். பத்து விநாடி. கிளைவாரியாகப் பிழைகளின் படம் திரையில் விரிந்தது. அதிகப் பிழை செய்த கிளை மேலே, குறைவானது கீழே. நீல நீலமாகப் பட்டைகள்.

எல்லாவற்றுக்கும் மேலே, இருப்பதிலேயே நீளமான பட்டை. பக்கத்தில் பெயர்: அவள். நாற்பத்து மூன்றரை.

நடுவில் எங்கேயோ இன்னொன்று: நான். ஒன்பது.

அது என் ஃபைல். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்ததுகூட உறைக்கவில்லை.

ரவுண்டு சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"அவள்... இது எந்தக் கிளை? எனக்குத் தெரியாம புதுசா எங்கயாவது தொறந்திருக்கோமா?"

"அத விடுங்க சார்" என்று தசமம் எழுந்தே விட்டார். "நாப்பத்தி மூணரைன்னு போட்டிருக்கு. அரைப் பிழை எப்படி சார் வரும்? பிழைன்னா பிழை. பாதி பண்ணிட்டு நிறுத்திட்டாங்களா?"

"ரவுண்டு பண்ணிக்கலாம், நாப்பத்தி நாலு. ஆனா மத்த எல்லாத்தையும் விட மோசமா இருக்கே? அந்தப் பட்டையைத் தட்டும்மா. என்னதான் பண்ணி வெச்சிருக்காங்கன்னு பாப்போம்."

தட்டினால் விவரம் முழுக்க வரும். தேதியோடு, ஆளோடு, குறிப்போடு. 'பிரமாதம்' என்ற குறிப்புக்கு நேரே, 'யார் சொன்னது' என்ற இடத்தில், 'ரவுண்டு சார்' என்று நான் என் கையாலேயே தட்டி வைத்திருக்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பூமி அதற்கெல்லாம் நேரம் ஒதுக்கவில்லை.

அந்தப் பெயர்களில் ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும், தங்கை பெரிய திரையின் கேபிளைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. தன் லேப்டாப்பில் மட்டும் தட்டி, குனிந்து படித்தாள். ஐந்து விநாடி இருக்கும். அவள் காது மடல் சிவந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அழுகை வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"டெஸ்ட் டேட்டா சார்" என்றாள். "ஓடுதான்னு பாக்க நான் போட்டது. எடுக்க மறந்துட்டேன். என் தப்புதான்."

ரவுண்டு சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"டெஸ்ட் டேட்டா நம்ம முன்னாடி வந்தா சிரிச்சிட்டுப் போயிடலாம். இதே மேலிடத்து மீட்டிங்ல வந்திருந்தா? வேகம் நல்லதுதாம்மா, வேணாங்கல. ஆனா லீட்டுக்கு அது மட்டும் போதாது." பிறகு என்னைப் பார்த்தார். "அக்காவே பாத்துக்கட்டும். பதினோரு வருஷத்துல இந்த மாதிரி ஒண்ணும் நடந்ததில்ல."

சுற்றிலும் நாலு பேர் கை தட்டினார்கள். தசமம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஆசைப்பட்டது என் மடியில் வந்து விழுந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து, "நன்றி சார்" என்று மட்டும் சொன்னேன். அதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

ஒரு மணி நேரம் கழித்துத் தேடிப் போனபோது தங்கை பிரிண்டர் அறையில் இருந்தாள். அறை என்று பெயர்தான். இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் கதவைச் சாத்த முடியாது. உள்ளே எப்போதும் சூடான காகித வாசம் அடிக்கும். காகிதம் எதுவும் எடுக்காமல் மெஷின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். என்ன பேசுவது என்று யோசித்து வரவில்லை.

"நீ எதுக்குடி உன் தப்புன்னு சொன்ன?"

"வேற என்ன சொல்றது? எங்க அக்கா என்மேல வயித்தெரிச்சல்ல கணக்கு எழுதி வெச்சிருக்கான்னா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"முழுசா படிச்சேன்" என்றாள். "நாப்பத்தி மூணரை இல்லக்கா. நாப்பத்தி ரெண்டரை. பதினெட்டாம் தேதி தசமம் சார் சொன்னத ரெண்டு தடவ ஏத்திருக்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்த நிலையிலும், இவள் என் ஃபைலில்கூடத் தப்புக் கண்டுபிடித்துவிட்டாளே என்றுதான் முதலில் எரிந்தது. புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

"அப்பறம் யார் சொன்னதுன்னு பிரிச்சுப் பாத்தேன். ரவுண்டு சார் பதினேழு. தசமம் சார் ஆறு. பக்கத்து டீம் பொண்ணு, வரவேற்புல இருக்கறவங்க, ஆடிட்டர்னு எல்லாரும் இருக்காங்க." நிறுத்தினாள். காது மறுபடி சிவந்தது. "யார் சொன்னதுங்கற எடத்துல அக்கான்னு போட்டுத் தேடினேன். ஒரு வரிகூட வரல."

பிரிண்டர் எதற்கோ ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது.

"நான் யாருக்காக எழுதினேன்னு நெனச்ச அந்த ப்ரோக்ராம? நீ மூணு நாள் கழுத்து வலியோட உக்காந்து ஒட்டிட்டு இருந்தியே, அதப் பாத்துட்டு எழுதினேன். முடிச்சதும் உன்கிட்டதான் மொதல்ல காட்டினேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. 'ம், சரி, டீ ஆறிடப்போகுது' என்றேன். அதை அவளிடம் திருப்பிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் காத்திருக்கவில்லை. என்னைத் தாண்டி, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். நாற்காலி கிடைத்தாயிற்று, வாயை மூடிக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தின் பேச்சை அதிகமாகவே கேட்டாயிற்று. பிறகு நேராக ரவுண்டு சார் அறைக்குப் போனேன். அவர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர், மூடி வைத்தார்.

"அந்த ரெண்டு பட்டையும் என்னோடது சார்" என்றேன். "டெஸ்ட் டேட்டா இல்ல. நான் போட்ட ஃபைல். ஃபோல்டரப் பாத்துட்டேன்னு அவகிட்ட பொய் சொன்னதும் நான்தான்."

அவர் டப்பாவை ஓரமாகத் தள்ளினார்.

"அப்ப அவ ப்ரோக்ராம்ல தப்பு?"

"ஒண்ணும் இல்ல சார். ஃபோல்டர்ல இருந்த அத்தனையும் எடுத்து, சரியா கூட்டி, சரியா அடுக்கிக் காட்டிச்சு. அதுக்கு மேல ஒரு ப்ரோக்ராம் என்ன பண்ணணும்?" ஆரம்பித்தாயிற்று. இனிப் பாதியில் நிறுத்த முடியாது. "நல்லா எழுதியிருக்கா சார். நான் எழுதியிருந்தா அந்த அளவு வந்திருக்காது."

சொல்லும்போது வயிறு பற்றி எரிந்தது. உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். யாருக்கு லேசானதோ தெரியாது.

"நீங்க என்னத்த எண்ணிட்டு இருந்தீங்க?"

"பாராட்டு சார். அவளுக்கு யார் யார் சொல்றாங்க, எனக்கு யார் யார் சொல்றாங்கன்னு."

"நான் எவ்வளவு?"

"அவளுக்குப் பதினேழு. எனக்கு ரெண்டு."

"பதினோரு வருஷத்துலயா?"

"இல்ல சார். நான் எண்ணினது மூணு மாசந்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரவுண்டு பண்ணச் சொல்ல அந்த எண்ணில் ஒன்றும் இல்லை. பிறகு, லீட் வேலையை என்னிடமிருந்து எடுத்து அவளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், அது எனக்குப் புரியும் என்று நினைப்பதாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது. புரிந்தால் வலிக்காது என்று யார் சொன்னது? வெளியே வந்து கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு, நன்றாக அழுதேன்.

மூன்று மணிக்கு அவர் தங்கையைக் கூப்பிட்டனுப்பினார். அவள் திரும்பி வந்தபோது தளம் முழுக்க எழுந்து சூழ்ந்துகொண்டது. தசமம் தன் டிராயரிலிருந்த சாக்லேட்டையெல்லாம் எடுத்து வந்து கொடுத்தார். எனக்கு இத்தனை வருடத்தில் ஒன்று கொடுத்ததில்லை. நான் தலையைத் தூக்காமல், அந்தப் பாழாய்ப்போன ஃபைலை ஃபோல்டரிலிருந்து அழித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவள் என் மேஜைக்கு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வீக்கம்.

"சார்கிட்ட சொன்னியாமே?"

"என்னத்த?"

"நல்லா எழுதியிருக்கேன்னு."

"சொன்னேன். அதுக்கென்ன இப்ப?"

"சார்கிட்ட சொன்னா அவருக்குத் தெரியும். என்கிட்ட சொல்லு."

ரவுண்டு சாரிடம் சொல்லிவிட்டேன். அதற்காகக் கைக்கு வந்த லீட் வேலையையும் விட்டாயிற்று. அதெல்லாம்கூட முடிந்தது. இவள் முகத்தைப் பார்த்து அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. ஸ்டேப்ளரை எடுத்தேன், வைத்தேன். அவள் நகரவில்லை. பிறந்ததிலிருந்தே பிடிவாதக்காரி.

"நல்லாத்தான் எழுதியிருக்கடி" என்றேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"'தான்' இல்லாம இன்னொரு தடவ சொல்லேன்."

"போடி. ஒரு தடவதான்" என்றேன்.